கேசட் சிநேகிதங்கள்: ஹால் மெக்கீயும் தபால்வழி இசையும்

கேள்வி இதுதான்: "1980-களில் அமெரிக்காவில் வீட்டிலேயே விசித்திரமான இசையைக் கேசட்டில் பதிந்து, தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட ஒரு கூட்டம் இருந்ததாமே. அதில் ஹால் மெக்கீ என்பவர் இன்றைக்கும் தன் இசையைவிட அந்தக் கால நண்பர்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார். இது வயதானவர்களின் பழைய ஞாபகமா, இல்லை அந்த இசையிலேயே ஏதாவது இருக்கிறதா?"

இசையிலேயே இருக்கிறது. அந்த உலகத்தில் ஒருவரோடு சிநேகிதமாவதும் அவரோடு இசை செய்வதும் ஒரே வேலை. எல்லோரும் தங்கமான மனிதர்கள் என்பதால் அப்படி ஆகிவிடவில்லை. நாடா, தபால்தலை, போட்டோகாப்பி, வீட்டு முகவரி என்று நாலைந்து சாதாரணச் சாமான்கள் சேர்ந்து அப்படி ஆக்கிவிட்டன. எப்படி என்று சொல்கிறேன்; கொஞ்சம் நீளும்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். மெக்கீ 1980-களின் தொடக்கத்தில் இண்டியானாபொலிஸில் இருந்தார். கார் பந்தயத்துக்குப் பேர்போன ஊர். அங்கே அவரும் டெபி ஜாஃபியும் சேர்ந்து 'விசெரா' என்ற பெயரில் வீட்டிலேயே பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். சிந்தசைசர், டேப்பில் பிடித்த சத்தங்கள், அவற்றின் மேல் இருண்ட தொனியில் ஒரு பேச்சுக் குரல். கூடவே 'காஸ் அண்ட் எஃபெக்ட்' என்று ஒரு கேசட் நிறுவனமும் நடத்தினார்கள். நிறுவனம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். தங்கள் கேசட்டுகளோடு மற்றவர்களுடையதையும் சேர்த்துப் பட்டியல் போட்டு, கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்புகிற வீட்டு வேலைதான். ஜாஃபி 'மாஸ்டர்/ஸ்லேவ் ரிலேஷன்ஷிப்' என்ற பெயரிலும் மெக்கீ 'டாக் ஆஸ் மாஸ்டர்' என்ற பெயரிலும் தனித்தனியாகவும் பதிவு செய்தார்கள். பிறகு மெக்கீ ஃப்ளோரிடாவுக்குப் போனார். அங்கிருந்து 1989 முதல் 1991 வரை 'எலெக்ட்ரானிக் காட்டேஜ்' என்ற பத்திரிகையை ஆறு இதழ்கள் கொண்டுவந்தார். எழுதியவர்கள், எழுதப்பட்டவர்கள், வாங்கிப் படித்தவர்கள் மூவருமே பெரும்பாலும் ஒரே ஆட்கள்: வீட்டில் கேசட் போடுகிறவர்கள். இப்போது அவர் இருப்பது அதே மாநிலத்தில் கெய்ன்ஸ்வில் என்ற பல்கலைக்கழக ஊர்.

கருவியைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட்டை வைத்தபோது, அது பேச்சைப் பதியத்தான் லாயக்கு என்று நினைத்தார்கள். 1970-களில் நாடாவும், அதைப் பதிந்து ஓட்டும் டெக் என்ற பெட்டியும் மேம்பட்டு இசைக்கும் ஆகிவிட்டது. 1979-ல் சோனி வாக்மேன் வந்தது. அதே ஆண்டு டாஸ்காம் கம்பெனியின் போர்ட்டாஸ்டுடியோ 144-ம் வந்தது. உலகம் வாக்மேனை ஞாபகம் வைத்துக்கொண்டது. நம் கதைக்கு வேண்டியது மற்றது. சாதாரணக் கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதிந்து, பிறகு கலந்துகொள்ளலாம். ஸ்டூடியோவுக்குப் போய் மணிக்கணக்கில் வாடகை கட்டிச் செய்கிற வேலையைச் சமையலறை மேஜையில் வைத்துச் செய்யலாம். விலை ஏறக்குறைய ஆயிரம் டாலர் என்பதால் ஆரம்பத்தில் எல்லோராலும் வாங்க முடியவில்லை. ஃபாஸ்டெக்ஸ் எக்ஸ்-15 போன்ற மலிவான பெட்டிகள் வந்த பிறகுதான் கதவு அகலமாகத் திறந்தது. அதுவும் இல்லாதவர்கள் இரண்டு சாதாரண டெக்குகளை வைத்துச் சமாளித்தார்கள். ஒன்றில் பழைய பதிவை ஓடவிட்டு, கூடவே வாசித்து, இரண்டாவதில் பதிவது.

ஆக, இசையைச் செய்துவிடலாம். யாருக்குக் கொடுப்பது? இங்கேதான் முகவரி வருகிறது.

வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியாவில் ஜான் ஃபாஸ்டர் என்பவர் 1979-ல் 'ஓபி' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பெரிய கம்பெனிகளைச் சாராத இசைக்கான பத்திரிகை. ஒவ்வோர் இதழுக்கும் ஆங்கில அகரவரிசையில் ஓர் எழுத்து. 26 எழுத்தும் தீர்ந்ததும் 1984-ல் சொன்னபடியே நிறுத்திவிட்டார். (தொடங்கும்போதே முடிவையும் தீர்மானித்துவிட்ட பத்திரிகைகள் உலகத்தில் எத்தனை இருக்கும்!) அதில் கேசட்டுகளுக்கென்றே ஒரு பத்தி இருந்தது. ஒவ்வொரு மதிப்புரைக்கும் கீழே, அதைச் செய்தவரின் தபால் முகவரியும் விலையும். விலை இரண்டு டாலர், மூன்று டாலர், 'அல்லது உங்கள் கேசட்'. இந்தக் கடைசி வார்த்தைகள்தான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டன. ஓபி நின்ற பிறகு 'சவுண்ட் சாய்ஸ்', 'ஆப்ஷன்' என்று இரண்டு பத்திரிகைகள் அந்த இடத்தைப் பிடித்தன. கேசட் மதிப்புரையும் முகவரியும் அவற்றிலும் தொடர்ந்தன.

பண்டமாற்று ஏன் இவ்வளவு இயல்பாக வந்தது என்பதற்குக் கணக்கு பார்த்தால் போதும். ஒரு சி-60 கேசட்டை, அதாவது இரண்டு பக்கமும் சேர்த்து 60 நிமிடம் ஓடுவதை, நல்ல தரத்தில் பிரதி எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். 20 பிரதி வேண்டுமென்றால் 20 மணி நேரம், ஒரு டெக்கின் பக்கத்தில். காலி நாடாவுக்கும் தபாலுக்கும் போக ஒரு கேசட்டில் கையில் நிற்பது ஒரு டாலரோ ஒன்றரை டாலரோ. இதில் லாபம் பார்க்க நினைப்பவன் முதல் மாதமே ஓடிவிடுவான். விற்றால் கிடைப்பது அற்பக் காசு. மாற்றிக்கொண்டால் கிடைப்பது நீங்கள் கேட்டே இராத ஒரு கேசட்டும் கூடவே ஒரு கடிதமும். எல்லோரும் இரண்டாவதையே தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் என்ன?

இன்னொன்று. பெரும்பாலானவர்கள் பிரதிகளை முன்கூட்டியே எடுத்து அடுக்கி வைப்பதில்லை. கடிதம் வந்தால் அன்றைக்கு ஒன்று பதிந்து அனுப்புவார்கள். நம் ஊரில் அதே ஆண்டுகளில் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்து டிடிகே 90-ல் பதிந்து வாங்கினோமே, ஏறக்குறைய அந்த முறைதான். வித்தியாசம் என்னவென்றால், அங்கே கடைக்காரரே பாடகரும் கூட. உங்களுக்கென்று ஒரு பிரதியைப் பதியும் ஒரு மணி நேரத்தில் அவர் உங்களுக்குக் கடிதம் எழுதுவார். கடிதங்கள் நீளமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பொட்டலம் எப்படி வரும்? பிளாஸ்டிக் டப்பா வழியில் உடைந்துவிடும், எடையும் கூடும் என்பதால் பலர் அதைக் கழற்றிவிட்டு வெறும் கேசட்டைக் குஷன் வைத்த உறையில் போடுவார்கள். உறை ஏற்கெனவே இரண்டு மூன்று பேரைச் சுற்றி வந்திருக்கும். பழைய முகவரிமேல் காகிதம் ஒட்டிப் புது முகவரி எழுதியிருக்கும். உள்ளே மடித்த போட்டோகாப்பி அட்டை. பெரும்பாலும் ஆபீஸ் மெஷினில், மேலதிகாரி சாப்பிடப் போன நேரத்தில் எடுத்தது. டைப்ரைட்டரில் அடித்த வரிகள், பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய படம், கறுப்பு மை தீற்றிய ஓரம். பாட்டின் பெயர் இல்லாமல் இருக்கலாம், வாசித்தவர் பெயர்கூட இல்லாமல் இருக்கலாம். முகவரி இல்லாமல் இருக்காது. கூடவே மற்ற நாலைந்து பேருடைய துண்டு விளம்பரங்களும் விழும். அவற்றை அடுத்து யாருக்கு எழுதுகிறீர்களோ அவருடைய உறையில் நீங்கள் போடவேண்டும்.

இந்தப் பழக்கம் எதுவும் கேசட்காரர்கள் கண்டுபிடித்ததில்லை. ரே ஜான்சன் என்ற நியூயார்க் ஓவியர் 1960-களில் தபாலிலேயே கலை அனுப்பும் ஒரு வட்டத்தை உருவாக்கியிருந்தார். அந்தத் தபால் கலைக்காரர்களின் கண்காட்சிகளுக்கு ஓர் எழுதாத சட்டம் உண்டு: தேர்வுக் குழு கிடையாது, கட்டணம் கிடையாது, அனுப்பிய எதுவும் திரும்ப வராது, பங்கெடுத்த எல்லோருக்கும் பட்டியல் வந்து சேரும். கேசட் தொகுப்புகள் அப்படியே இதை எடுத்துக்கொண்டன. பெல்ஜியத்தில் ஆலன் நெஃப் தன் 'இன்சேன் மியூசிக்' வழியாக 1981 முதல் பல நாட்டு ஆட்களைச் சேர்த்துத் தொகுப்புகள் போட்டார். இப்படி ஒரு தொகுப்பில் 20 பேர் என்றால், ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு பிரதி போகும். அதில் மற்ற 19 பேரின் முகவரியும் இருக்கும். அதில் இரண்டு பேருக்கு எழுதினால்கூடப் போதும், வலை தானாகவே பின்னிக்கொள்ளும். ஜப்பானில் மசாமி அகிதா தன் 'மெர்ஸ்பாவ்' இரைச்சல் கேசட்டுகளை உலகத்துக்கு அனுப்ப ஆரம்பித்ததும் இந்தத் தபால் கலை வழியில்தான். பிற்பாடு அவர் அந்த வகை இசையின் மிகப் பெரிய பெயராகிவிட்டார்.

இதுவரை சொன்னது பரிமாற்றம். கேள்விக்கு உண்மையான விடை, தபால்வழிக் கூட்டுப் பதிவில் இருக்கிறது.

ஒருவர் இரண்டு தடங்களில் ஏதோ பதிவு செய்கிறார். கரகரக்கும் ஒரு சிற்றலை வானொலி, அதன் கீழே நீண்டு நிற்கும் ஒரு சுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சாதாரணக் கேசட்டில் எடுத்து, இரண்டாயிரம் மைல் தாண்டி இருப்பவருக்கு அனுப்புகிறார். எந்தக் குறிப்பும் கிடையாது. இந்தச் சுருதி, இந்தத் தாளம் என்று எதுவும் சொல்வதில்லை. வாங்கியவர் அதைத் தன் நான்குதடப் பெட்டியின் முதலிரண்டு தடங்களில் ஏற்றிக்கொண்டு, மிச்சம் இரண்டில் தன்னுடையதைச் சேர்க்கிறார். சேர்ப்பதற்கு முன் அனுப்பியவரின் சத்தத்தைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பார். எங்கே அது ஓங்குகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே இடம் விட்டிருக்கிறது என்று மனப்பாடம் ஆகிவிடும். முகம் பார்க்காத ஒருவரை இவ்வளவு கவனமாகக் கேட்பதற்கு வேறெங்கே வாய்ப்பு? இவர்கள் பேசும் நட்பு இந்த இடத்தில்தான் உருவாகிறது. கடிதத்திலும் தொலைபேசியிலும் வந்ததெல்லாம் இதற்குப் பிறகு.

போர்ட்டாஸ்டுடியோவிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. சாதாரண டெக் கேசட்டின் ஒரு பக்கத்தில் இரண்டு தடம், திருப்பிப் போட்டால் மறுபக்கத்தில் இரண்டு தடம் என்று படிக்கும். போர்ட்டாஸ்டுடியோ நான்கையும் ஒரே திசையில், அதுவும் இரு மடங்கு வேகத்தில் பதியும். அதனால் சி-60 நாடாவில் 15 நிமிடம்தான் கிடைக்கும். அந்த நாடாவை, வீட்டில் சாதாரண டெக் மட்டும் இருப்பவருக்கு அனுப்பினால் என்ன ஆகும்? முதல் இரண்டு தடங்கள் பாதி வேகத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். கேசட்டைத் திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் அதே பாதி வேகத்தில், தலைகீழாக ஓடும். வேறு இசைக்காரர் என்றால் திட்டிக்கொண்டே திருப்பி அனுப்புவார். இந்த வட்டத்தில் "அட, இது நன்றாக இருக்கிறதே" என்று அதையே எடுத்து அடுத்த பதிவுக்கு அடியில் போட்டுவிடுவார்கள்.

பிரதிக்குப் பிரதி இரைச்சல் ஏறுவதும் அப்படித்தான். ஒவ்வொரு தடவை நாடாவிலிருந்து நாடாவுக்கு மாற்றும்போதும் ஒரு படலம் 'ஸ்ஸ்ஸ்' கூடும். ஒரு டெக்கில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தால், அதில் பதிந்தது மற்றொன்றில் மங்கிக் கேட்கும். நம் ஊர் ரிப்பேர்க்காரர்கள் சின்ன ஸ்க்ரூடிரைவரால் ஹெட்டைத் திருகிச் சரிசெய்வார்களே, அந்தக் கோளாறு. சி-90-ன் மெல்லிய நாடாவில் வேறொரு பிரச்சினை: சுற்றிவைத்த அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குக் காந்தப் பதிவு ஒட்டிக்கொண்டு, வரப்போகும் சத்தத்தின் சன்னமான சாயல் ஓரிரு நொடி முன்னாலேயே கேட்கும். நாலு பேர் கையை மாறி வந்த ஒரு கூட்டுப் பதிவில் இவை எல்லாமே இருக்கும். அந்த இரைச்சலின் ஒவ்வொரு படலமும் ஒரு வீட்டில் ஏறியது. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்தக் கேசட்டுகள் வேறுமாதிரி ஒலிக்கும் என்பது என் அனுபவம்.

இனி ஆட்கள்.

மெம்ஃபிஸில் கிறிஸ் ஃபின்னி. 'ஹார்ஷ் ரியாலிட்டி மியூசிக்' என்ற கேசட் நிறுவனம் அவருடையது. தன் சொந்த இசைக்கு 'மென்டல் ஆங்குவிஷ்' என்று பெயர். மெம்ஃபிஸ் என்றால் எல்விஸ் பிரெஸ்லி என்று உலகம் சொல்லும். அதே ஊரில் இவர் மின்னணு இரைச்சலைக் கேசட் கேசட்டாக வெளியிட்டுக்கொண்டிருந்தார். மெக்கீயும் இவரும் சேர்ந்து செய்த பதிவுகள் பல. அந்தக் கூட்டு பல பத்தாண்டுகள் நீண்டது.

நியூயார்க் பக்கம் ஆல் மார்கோலிஸ். 1984-ம் ஆண்டின் முதல் நாளில் 'இஃப், ப்வானா' என்ற பெயரில் தன் இசையைத் தொடங்கினார். அவருடைய 'சவுண்ட் ஆஃப் பிக்' நிறுவனம் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 300-ஐத் தொடும் அளவுக்குக் கேசட்டுகளை வெளியிட்டது. வீட்டில் உட்கார்ந்து பிரதி எடுத்து! இந்த வலையிலிருந்து வெளியுலகத்துக்குப் போனவர்களில் அவர் ஒருவர். பின்னாளில் 'போகஸ்' என்ற நிறுவனத்தின் வழியாகச் சோதனை இசைக் குறுந்தகடுகள் வெளியிட்டார். இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸின் 'டீப் லிஸனிங்' நிறுவனத்தோடும் வேலை பார்த்தார்.

லூயிவில்லில் ஸான் ஹாஃப்மன். மற்றவர்கள் அனுப்பிய நாடாக்களை வெட்டி, திருப்பி, உருக்கி வேறொன்றாக்கி அனுப்பியவருக்கே திருப்பித் தருவதில் மன்னன். அவருடைய வெளியீடுகளை எண்ண ஆரம்பித்தால் பொழுது போய்விடும். உண்மையைச் சொன்னால், எல்லாவற்றையும் கேட்கவேண்டிய அவசியமும் இல்லை.

கலிஃபோர்னியாவில் டான் காம்போ. 1985 முதல் கேகேயூபி என்ற சமூக வானொலியில் 'நோ பிஜன்ஹோல்ஸ்' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார். வீட்டில் கேசட் போடுகிறவர்களின் இசை மட்டும்தான். கிதார் பாட்டு, இரைச்சல், கவிதை, பொம்மை பியானோ என்று எது வந்தாலும் போடுவார். தபாலில் அனுப்பிவிட்டு யார் கேட்டார்கள் என்றே தெரியாமல் இருந்தவர்களுக்கு, தங்கள் சத்தம் வானொலியில் போனது என்ற செய்தி எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். பிற்காலத்தில் இந்த இயக்கத்தின் ஆவணக் காப்பாளராகவும் அவர் ஆனார்.

இவர்கள் எல்லோரையும்விட நான் நிறையக் கேட்டது மினோயை. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து டாரன்ஸ்காரர். வெளியிடங்களுக்குப் போவதே பெரும் அச்சம் தரும் உளச்சிக்கல் அவருக்கு இருந்தது. மேடையில் ஏறும் பேச்சே இல்லை. ஆனால் வீட்டுக்குள் இருந்தபடி நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகளைச் செய்தார். நீளமான, அடுக்கின்மேல் அடுக்காக ஏறும் ஒலி வெள்ளம். எங்கே தொடங்கியது என்று தெரியாது, முடியும்போது அறையின் காற்றே மாறியதுபோல் இருக்கும். வீட்டைவிட்டு நகராத அந்த மனிதரைத்தான் அந்த வலையில் ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிபிகே என்ற பெயரில் இசை செய்தவர், ஸான் ஹாஃப்மன், இன்னும் பலரோடு தபாலில் கூட்டுப் பதிவுகள். அப்படி அவர் இடம்பெற்ற ஒரு கூட்டணிக்குப் பெயர் 'நோ மெயில் ஆன் சன்டேஸ்'. ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது! ஆறு நாளும் தபால்காரருக்காகக் காத்திருப்பவர்கள்தான் ஒரு இசைக்குழுவுக்கு இப்படிப் பெயர் வைப்பார்கள்.

மினோய் 1990-களின் தொடக்கத்தில் ஒதுங்கிவிட்டார், 2010-ல் இறந்துபோனார். அவருடைய மூல நாடாக்கள் பிறகு பழைய கூட்டாளி பிபிகேயிடம் வந்து சேர்ந்தன. அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, தரம் பிரித்து, கணினிக்கு மாற்றினார். 2014-ல் மினோயைப் பற்றி ஒரு நூலும் கூடவே இசைத் தொகுப்பும் வந்தன. நூலின் தொகுப்பாசிரியர் ஜோசஃப் நெக்வாட்டல். 1983-ல் நியூயார்க்கில் தொடங்கிய 'டெல்லஸ்' என்ற, கேசட் வடிவிலேயே வந்த பத்திரிகையின் நிறுவனர்களில் ஒருவர். எந்தப் பெரிய கம்பெனிக்கும் இந்த வேலையில் காலணா பிரயோசனம் இல்லை. நண்பர்கள் செய்யாமல் விட்டிருந்தால் அந்த நாடாக்கள் குப்பைக்குத்தான் போயிருக்கும். மெக்கீ போன்றவர்கள் நட்பைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஞாபகம் வருவது இதுதான்.

சரி, எல்லாம் தேனும் பாலுமாகவா இருந்தது? இல்லை. இந்த இடத்தில் கொண்டாட்டக்காரர்கள் கொஞ்சம் சட்டென்று கடந்துவிடுவார்கள்.

முதல் பிரச்சினை விமர்சனம். உங்கள் கேசட்டுக்கு இன்று மதிப்புரை எழுதுபவர் நாளைக்குத் தன் கேசட்டை உங்களுக்கு அனுப்பப்போகிறார். இதில் யார் யாரைக் கடுமையாக எழுதுவார்கள்? எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் தொகுப்புகளில் நல்லது இரண்டு, சுமார் எட்டு, அறுவை பத்து என்பது சாதாரணம். தேர்வுக் குழு இல்லை என்பது அழகான கொள்கை. 90 நிமிடம் உட்கார்ந்து கேட்கிறவனுக்குத்தான் அதன் விலை தெரியும்.

இரண்டாவது, அளவு. வாரத்துக்கு நாலைந்து பொட்டலம் வந்தால், கேட்கவேண்டும், பதில் எழுதவேண்டும், பதிலுக்குப் பதிந்து அனுப்பவேண்டும். பகலில் வேலை, இரவில் இது. கூட்டம் பெருகப் பெருக, சிநேகிதமே கடன் பாக்கி மாதிரி ஆகிவிடும். பலர் சத்தமில்லாமல் விலகிப்போனதற்கு, இசை அலுத்ததைவிடக் கடிதக் குவியல் பெரிய காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

மூன்றாவது, யார் இருந்தார்கள், யார் இல்லை. பெரும்பாலும் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சேர்ந்த வெள்ளை ஆண்கள். டெபி ஜாஃபி, சியாட்டிலின் ஏமி டெனியோ, ராபின் ஓ'பிரையன் போன்ற பெண்கள் இருந்தார்கள், நல்ல இசையும் செய்தார்கள், எண்ணிக்கையில் குறைவு. யாருக்கும் கதவைச் சாத்தவில்லை என்பது நிஜம்தான். நான்குதடப் பெட்டிக்குக் காசு, அதை வைக்க ஒரு தனி அறை, யாரும் தொந்தரவு செய்யாத இரவு நேரம், வெளிநாட்டுத் தபால் செலவு என்று பார்த்தால் உள்ளே நுழைய முடிந்தவர்கள் யார் என்பது தானே தெரியும்.

1990-களில் மெல்ல மெல்ல அடங்கியது. குறுந்தகடு வந்து கேசட்டை இரண்டாம்தரச் சரக்காக்கியது. சிலர் நிறுவனக் குறுந்தகடுகளுக்கு நகர்ந்தார்கள். சிலருக்குக் குடும்பம், வேலை. ஆனால் மெக்கீயைப் போன்ற சிலர் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள். அவர் தேர்ந்தெடுத்த கருவி இன்னும் எளிமையானது: ஆபீஸில் கடிதம் சொல்லப் பயன்படுத்துவார்களே, அந்த மைக்ரோகேசட் ரெக்கார்டர். உள்ளங்கையில் அடங்கும், சாதாரணக் கேசட்டைவிட மெதுவாக ஓடும், சத்தத்தின் மேல்முனை கீழ்முனை இரண்டையும் நறுக்கிவிடும். பல ஊர்க்காரர்களிடமிருந்து மைக்ரோகேசட் பதிவுகளை வரவழைத்துத் தொகுப்புகள் போட்டார். கெய்ன்ஸ்வில்லில் தன் அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே சோதனை இசை நிகழ்ச்சிகளும் நடத்தினார். வீட்டு இசை என்பதை இவரைப்போல் அப்படியே எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. 'எலெக்ட்ரானிக் காட்டேஜ்' என்ற பெயரையும் பிற்காலத்தில் மீண்டும் எடுத்து, பழையவர்களும் புதியவர்களும் எழுதும் இடமாக ஆக்கினார்.

இவர்களைப் பற்றி வெளியிலிருந்து யாரும் எழுத வருவார்கள் என்று காத்திருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். இந்த வலையைப் பற்றி 2009-ல் வந்த ஆவணப்படத்தை எடுத்தவர், 'டேட்டா-பேங்க்-ஏ' என்ற பெயரில் அந்த வலையில் இருந்த ஆண்ட்ரூ ஸாவா-கோவாட்ஸ். 2020-ல் விரிவான வரலாற்று நூல் எழுதிய ஜெரி க்ரானிட்ஸும் பல ஆண்டுகளாக, பெரிய கம்பெனிகளுக்கு வெளியே நடக்கும் அடித்தள இசைக்குப் பத்திரிகை நடத்தியவர். வரலாறும் நண்பர்களின் கையாலேயே எழுதப்பட்டது. அதில் ஒரு வசதி உண்டு, சின்ன விவரங்கள் தப்பாது. ஒரு குறையும் உண்டு, சண்டை போட்டுப் பிரிந்தவர்களின் பக்கம் அவ்வளவாக வராது.

எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம் என்று அடுத்து கேட்பீர்கள். பழைய கேசட்டுகள் நிறைய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 'நாய்ஸ்-ஆர்ச்' என்று தேடினாலே ஒரு மலை வந்து நிற்கும். நேராக அந்த மலையில் ஏற வேண்டாம். முதலில் மினோய், ஹெட்ஃபோனில், இரவில், குறைந்தது 20 நிமிடம். நடுவில் நிறுத்தினால் ஒன்றும் புரியாது. பிறகு விசெரா, குரலும் சொல்லும் இருப்பதால் பிடிமானம் கிடைக்கும். அப்புறம் மெக்கீ–ஃபின்னி கூட்டுப் பதிவு ஏதாவது ஒன்று. யார் எந்தச் சத்தம் என்று பிரிக்கப் பாருங்கள், பெரும்பாலும் முடியாது. இரைச்சலே ஒத்துவராது என்றால் டான் காம்போவின் நிகழ்ச்சிகளுக்குப் போய்விடுங்கள். அங்கே ஒரு பாட்டு பிடிக்காவிட்டால் மூன்று நிமிடத்தில் வேறொரு ஊர், வேறொரு வீடு வந்துவிடும்.